சாரலும் சாரமும்

ஆனி பிறந்துவிட்டதா என்று தென்காசிக்காரன் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று புகுந்து வந்து கதவைத் தட்டும். அதன் பின்னாலேயே சாரல் வரும். சாரல் வந்த செய்தி கேட்டதும் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆயிரம் ஆயிரமாய் மக்கள் குற்றாலத்துக்குப் புறப்படுவார்கள்.

எதற்காக? ஒன்று விழுவதைப் பார்க்க!

விழுவதைக் கண்டு மகிழ உலகில் ஏதேனும் உண்டென்றால் அது அருவி ஒன்றுதான். மற்ற எது விழுந்தாலும் மனம் பதறுகிறது. பதற வேண்டும். ஆனால் பதறுகிறதா? அதைப் பற்றித்தான் இன்று சில சொற்கள்.

பேரருவியை உற்றுப் பார்த்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். உச்சியிலிருந்து புறப்படும் நீர் நேரே நம் தலைமீது விழுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுகிறது. அங்கே அதன் வேகம் தணிகிறது. பொங்கி வழிந்து பிறகே கீழே இறங்குகிறது. அந்த இடைத்தடுப்பு இருப்பதால்தான் குழந்தையும் கிழவியும் அருவியின்கீழ் நிற்க முடிகிறது.

மனிதனும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. அருவியடியில் இரும்புக் கம்பித் தடுப்பு உண்டு. காவலர் நிற்கிறார். தண்ணீர் பெருகினால் குளிக்கத் தடை. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றபோது தமிழகமே துடித்தது. எச்சரிக்கை ஏன் இல்லை, காவல் ஏன் இல்லை என்று கேள்விகள் எழுந்தன. நியாயமான கேள்விகள். இனி அப்படி நேரக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். நியாயமான சொல்.

நாம் கேட்பது இதுதான்: அருவிக்கு உள்ள நியாயம் சாரத்துக்கு ஏன் இல்லை?

ஐந்து கிலோமீட்டர் தொலைவில்

அதே சாரல், அதே காற்று, ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தென்காசியிலும் அடிக்கிறது. அங்கே ஒரு மாடிக் கட்டடம் எழும்புகிறது. சவுக்குக் கம்புகளை நட்டுக் கயிற்றால் இறுக்கிய சாரம். கயிறு புதியதா பழையதா என்று கட்டியவருக்கே நினைவில்லை. நடப்பதற்கு ஒற்றைப் பலகை. அதிலும் நேற்றுக் கொட்டிய கலவை காய்ந்து கிடக்கிறது. அதன்மேல் இன்றைய சாரல் வழுக்குகிறது. இருபதடி உயரத்தில் ஒரு கொத்தனார், ஒரு கையில் கரண்டி, மறு கையில் மட்டப்பலகை. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை அவருக்கு இல்லை. கீழேயிருந்து சித்தாள் ஒருத்தி கலவைச் சட்டியைத் தலையில் வைத்து ஏணியில் ஏறுகிறாள். ஏணியின் உச்சி தளத்தின் விளிம்போடு நின்றுவிடுகிறது. மேலே கால் வைக்கும் அந்த ஒரு கணம் அவள் பிடிப்பது காற்றைத்தான்.

இது கற்பனையூரின் காட்சி என்று எண்ண வேண்டாம். பாவூர்சத்திரத்திலும் சுரண்டையிலும் சங்கரன்கோவிலிலும், குற்றாலத்து விடுதிகளுக்குச் சீசனுக்கு முன் சுண்ணமும் வண்ணமும் அடிக்கும் நாட்களிலும், தெருவில் நடக்கும் எவரும் தலை நிமிர்ந்தால் காணும் காட்சி. நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

விழுந்த பிறகு பார்க்கிறோம். மறுநாள் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில் மூன்று வரிகள்: “மாடியிலிருந்து தவறி விழுந்து தொழிலாளி பலி.”

அந்த மூன்று வரியிலே ஒரு சொல்லைக் கவனியுங்கள். “தவறி.” தவறியது யார்? விழுந்தவனாம்! செத்தவன்மீது குற்றம் சாட்டிவிட்டுச் செய்தி முடிந்துபோகிறது. தடுப்புக்கம்பி கட்டாதவர் தவறவில்லை; ஒற்றைப் பலகை போட்டவர் தவறவில்லை; பார்க்க வேண்டிய அதிகாரி தவறவில்லை; காலை ஊன்ற இடமில்லாதவன் மட்டும் தவறிவிட்டான்! பிறகு ஊரார் ஒரு சொல் சேர்க்கிறார்கள்: “விதி.”

விதி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது?

பூமியின் ஈர்ப்பு ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை. பத்தடி உயரத்திலிருந்து விழுகிறவன் ஒரு விநாடிக்குள் தரையைத் தொட்டுவிடுகிறான். தொடும்போது அவன் வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். இருபதடி என்றால் ஒரு விநாடிக்குச் சற்று மேல்; வேகம் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர். “ஐயோ” என்று சொல்லி முடிக்க அவகாசம் இல்லை. எதையேனும் எட்டிப் பிடிக்க எங்கே அவகாசம்? ஆகவே விழுகிறவனுடைய சாமர்த்தியம், சாக்கிரதை, அனுபவம் எதுவும் அந்த ஒரு விநாடியில் பயன்படாது. பயன்பட வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

என்ன கட்டப்பட்டிருக்க வேண்டும்? இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட வரிசை ஒன்று உண்டு. முதலாவது, தரையிலேயே செய்யக்கூடிய வேலையைத் தரையிலேயே செய்வது. கம்பிக் கூட்டைக் கீழே கட்டி மேலே தூக்குவது போல. இரண்டாவது, மேலே ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், விழவே முடியாதபடி தடுப்பது: இடைவெளியில்லாத அகலப் பலகை, இடுப்புயரத்தில் ஒரு கம்பி, அதற்கும் பலகைக்கும் நடுவே ஒரு கம்பி, செங்கல்லும் கருவியும் உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாதபடி விளிம்பிலே ஒரு கட்டை. மூன்றாவது, தடுக்க இயலாத இடத்தில், விழுந்தாலும் தாங்கிக்கொள்ள வலை. நான்காவதாகத்தான், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், உடலோடு பூட்டும் கச்சையும் கயிறும்.

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு வந்த உயரப்பணி விதிகள் இந்த வரிசையைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கின்றன. அமெரிக்காவில் கட்டட வேலையில் ஆறடி உயரம் வந்துவிட்டாலே தடுப்போ வலையோ கச்சையோ கட்டாயம்.

நம் நாட்டிலோ வரிசை தலைகீழ். முதலில் தருவது கச்சை. பல இடங்களில் தருவதும் அது மட்டும்தான். அதுவும் அதிகாரி வருகிற நாளில்! கச்சையைப் பூட்டிக்கொண்ட தொழிலாளி கொக்கியை எதில் மாட்டுவது? ஆடுகிற சவுக்குக் கம்பிலா? அவன் விழுந்தால் கம்பும் சேர்ந்து வரும். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பட்டையானால், விழுந்து தொங்கும்போது அதுவே வயிற்றையும் முதுகையும் முறித்துவிடும். தொங்குகிறவனை உடனே இறக்கும் ஏற்பாடும் இல்லையென்றால், தொங்கிக்கொண்டிருப்பதே உயிருக்கு ஆபத்தாகும். கச்சை கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்பது கணக்குப் புத்தகத்தின் பாதுகாப்பு. தொழிலாளியின் பாதுகாப்பு அதில் இல்லை.

பொங்குமாங்கடல் இல்லாத குற்றாலத்தை எண்ணிப் பாருங்கள். அருவியின் வேகத்தைத் தணிக்க ஏதுமில்லை. ஆனால் குளிக்க வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு குடையைக் கொடுத்துவிட்டார்கள்! நம் கட்டடங்களில் நடப்பது அதுதான்.

கூட்டமாய்ச் செத்தால்தான் செய்தியா?

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டனர். “இடி விழுந்தது” என்று கட்டியவர் தரப்பில் சொல்லப்பட்டது. வானத்தின்மீது பழி!

2022 மே 14 இரவு, நெல்லைக்கு அருகே அடைமிதிப்பான்குளத்தில், ஆழமான கல்குவாரியின் அடித்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர்மீது பாறை சரிந்தது. நால்வர் பிணமாயினர். தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 வரை நெல்லையோடு ஒன்றாக இருந்ததுதானே? அந்தப் பாறையும் இந்தப் பாறையும் ஒரே மலையடிவாரத்துப் பாறைதானே? ஆலங்குளம் வட்டாரத்துக் கல் உடைப்பவன் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனபோது என்ன நினைத்திருப்பான்?

2025 செப்டம்பர் 30. எண்ணூரில் புதிதாக எழும்பும் அனல் மின் நிலையத்தில் உயரத்தில் அமைத்த எஃகுக் கட்டுமானம் சரிந்து 9 பேர் இறந்தனர். அஸ்ஸாம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நமக்கு விளக்கெரிய அவர்கள் வீட்டு விளக்கு அணைந்தது.

இவை பெரிய செய்திகள். மந்திரிகள் போனார்கள், உதவித்தொகை அறிவித்தார்கள், விசாரணை என்றார்கள். வேண்டியதுதான். ஆனால் ஒருவர் ஒருவராக விழுந்து சாகிறவர்களுக்கு மந்திரி வருவதில்லை, விசாரணை வருவதில்லை. 61 பேர் ஒரே நாளில் இறந்தால் அது பேரிடர். 61 பேர் 61 ஊர்களில், 61 நாட்களில் இறந்தால் அது “தவறி விழுதல்.” பிணங்களின் எண்ணிக்கை ஒன்றே, பேர்தான் வேறு.

பத்துத் தலைச் சட்டம்

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, ஒருவன் விழக்கூடிய உயரத்தில் வேலை செய்ய நேர்ந்தால் வேலியிட்டோ வேறு வகையிலோ அவனைக் காக்க வேண்டும் என்றது. 33ஆம் பிரிவு, தரையிலுள்ள குழியையும் தொட்டியையும் மூட வேண்டும், அல்லது சுற்றி அடைக்க வேண்டும் என்றது. கட்டடத் தொழிலாளிக்கென்று தனிச் சட்டம் வர 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாடு அதற்கு முன்பே, 1994இல், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் கண்டது. அது இம்மாநிலத்தின் பெருமை.

இப்போது அந்தப் பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் நல்லது இல்லாமல் இல்லை. பாதுகாப்புக் கடமையை மீறியதால் ஒருவர் இறந்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுகளுக்குத் தரும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். வரைபடம் போடும் பொறியாளருக்கும் கட்டடக் கலைஞருக்கும் பாதுகாப்பில் பொறுப்பு உண்டு என்கிறது. வரவேற்போம்.

ஆனால் இந்தச் சட்டம் எந்த வாசலில் நுழைகிறது, எந்த வாசலில் நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டாமா?

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கட்டட வேலை அதன் கணக்கில் வராது! பாதுகாப்பு அதிகாரி வேண்டுமென்றால் கட்டட வேலையில் 250 பேர் இருக்க வேண்டும். விசையால் இயங்கும் ஆலை “தொழிற்சாலை” என்ற பெயரைப் பெற முன்பு பத்துப் பேர் போதும். இப்போது இருபது பேர் வேண்டும். நல நிதியைப் பற்றிப் பேசும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலோ, சொந்தமாகக் கட்டும் வீட்டுக்கு 1996இல் பத்து லட்ச ரூபாயாக இருந்த விலக்கு வரம்பு ஐம்பது லட்சமாக ஏறிவிட்டது.

தென்காசிக்கு வாருங்கள், ஐயா. இங்கே வீடு கட்டுவது யார்? இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள், ஒரு மேஸ்திரி. கம்பி கட்ட இருவர் ஒரு நாள் வந்து போவார்கள். எண்ணிப் பார்த்தால் எட்டு. மர அறுவை ஆலையில் எத்தனை பேர்? அரிசி ஆலையில் எத்தனை பேர்? 250 பேர் ஒரே சாரத்தில் நிற்கும் கட்டடத்தை இந்தப் பக்கம் எங்கே தேடுவது? ஆக, டில்லியில் எழுதிய சட்டம் சென்னை வரை வந்து, நெல்லை வரை எட்டிப் பார்த்து, தென்காசித் தெருமுனையில் தலைகளை எண்ணிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது.

பத்தாவது ஆள் இல்லாததால் ஒன்பது பேர் விழலாமா? ஒன்பது பேர் நிற்கும் சாரத்துக்கு ஈர்ப்பு விசை விலக்கு அளித்திருக்கிறதா?

இந்தத் தொகுப்பிலேயே இதற்கு ஒரு சாவியும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை என்று மத்திய சர்க்கார் அறிவித்துவிட்டால், ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் அங்கே சட்டத்தைச் செலுத்தலாம். உயரத்தில் நின்று செய்யும் வேலை உயிருக்கு ஆபத்தானதா இல்லையா? அதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டுமா? சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் இருப்பது ஏன்?

மூன்று சாக்குகள்

இவ்வளவும் சொன்னால் மூன்று சாக்குகள் வரும்.

முதல் சாக்கு: “அவன் குடித்திருந்தான், சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.” இதற்கு விடை என்றோ எழுதப்பட்டுவிட்டது. வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்து இழப்பீட்டுச் சட்டமே, தொழிலாளி இறந்துபோனால் இந்தச் சாக்கைச் சொல்லி முதலாளி தப்ப முடியாது என்றது. அன்னியன் ஏற்காத வாதத்தை நம்மவர் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது வெட்கம்.

இரண்டாம் சாக்கு: “முப்பது வருஷமாய் ஏறுகிறோம்; ஒன்றும் ஆகவில்லை.” இதைச் சொல்வது பல நேரங்களில் தொழிலாளியே. அவரை நாம் கோபிக்கவில்லை. கம்பியில்லாத சாரத்தில் ஏற மறுத்தால் நாளைக்கு வேறொருவர் ஏறுவார், தன் கூலி போகும் என்று அவருக்குத் தெரியும். பயத்தை விழுங்கிவிட்டு வீரம் பேசுகிறார். அந்த வீரத்தை நாம் பாராட்டத் தொடங்கினால், அவருடைய சாவுக்கு நாமும் சாரம் கட்டுகிறோம் என்று பொருள்.

மூன்றாம் சாக்குதான் உண்மையான சாக்கு: “செலவு.”

செலவைப் பற்றி ஒரு கதை சொல்லலாம், உண்மைக் கதை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கடல்வாயின்மேல் 1930களில் தங்க வாயில் பாலம் கட்டினார்கள். பெரிய பாலம் கட்டினால் பத்து லட்சம் டாலருக்கு ஓர் உயிர் போகும் என்பது அந்நாளைய கணக்கு. கணக்கை ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் கட்டினார்கள்! அந்தப் பாலத்தின் மதிப்போ 350 லட்சம் டாலர். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்தின் அடியில் நெடுக வலை கட்டினார். அதற்குச் சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலர் ஆயிற்று. அந்த வலையில் விழுந்து 19 பேர் பிழைத்தார்கள். “நரகத்துக்குப் பாதி வழி போய் வந்தவர்கள்” என்று தங்களுக்கு ஒரு சங்கப் பெயரே வைத்துக்கொண்டார்கள். 1937 பிப்ரவரி 17 அன்று பாரம் மிகுந்த ஒரு பணிமேடை பிய்ந்து விழுந்து வலையையும் கிழித்துக்கொண்டு போனதில் பத்துப் பேர் இறந்தார்கள். அதற்கு முன் ஒருவர். ஆக 11. முப்பத்தைந்து என்று எழுதி வைத்த கணக்கு பதினொன்றில் நின்றது. வலை மட்டும் போதாது, மேடையும் உறுதியாக வேண்டும் என்ற பாடத்தையும் அந்தப் பத்துப் பேரே எழுதிவிட்டுப் போனார்கள்.

அங்கே ஒரு பாலத்துக்குச் செலவழிக்க மனம் வந்தது. இங்கே ஒரு வீட்டுக்குத் தேக்கில் நிலை வைக்கிறோம். தரைக்குப் பளிங்கு தேடுகிறோம். திருஷ்டிப் பொம்மைக்கும் காசு இருக்கிறது. வீட்டின்மேல் கண் படாமலிருக்கப் பொம்மை கட்டுகிறவர், வீட்டைக் கட்டுகிறவன் விழாமலிருக்க இரண்டு கம்பி கட்டக் கூடாதா?

விழுவது மட்டுமா?

உயரத்தின் ஆபத்து கட்டடத்தில் மட்டும் இல்லை. ஆலைக்கூரையில் ஒழுகும் இடத்தை அடைக்க ஏறுகிறவன், பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் காலை வைக்கிறான். தகடு தரைபோலத் தெரியும். தரையைப் போலத் தாங்காது. சட்டத்தின்மேல் நீளப் பலகை போட்டு, பலகையின்மேல் மட்டும் நடந்தால் அந்த உயிர் தங்கும். ஒரு பலகையின் விலை என்ன?

ஆழத்திலும் ஆபத்து. புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி. உள்ளே சென்ட்ரிங் பலகை பிரிக்க ஒருவன் இறங்குகிறான். பல நாள் மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுவிடக் காற்று இல்லை. அவன் சாய்கிறான். “என்னடா ஆயிற்று?” என்று இரண்டாமவன் இறங்குகிறான். அவனும் சாய்கிறான். பாசத்தால் சாகிற சாவு இது. மூடியைத் திறந்து காற்றைச் செலுத்தி, உள்ளே காற்று நல்லதா என்று கருவியால் சோதித்து, இறங்குகிறவன் உடலில் கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்தினால் இரண்டு குடும்பங்கள் பிழைக்கும். முதல் ஆள் விழுந்தால் இரண்டாவது ஆள் வெறும் கையோடு இறங்கக் கூடாது என்ற ஒரு பாடத்தையாவது ஒவ்வொரு ஊரிலும் தண்டோராப் போட்டுச் சொல்ல வேண்டும்.

மாடிக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறது. நீண்ட இரும்புக் கம்பியைத் தூக்கித் திருப்புகிறவன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. வேலை முடியும்வரை அந்த வழியில் மின்சாரத்தை நிறுத்தவோ கம்பியை மாற்றவோ மனுக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர்; கொடுத்த மனுவைத் தூங்கவிடாமல் பார்க்க வேண்டியது மின்வாரியம்.

இவற்றில் எதுவும் புதிய விஞ்ஞானம் இல்லை. எல்லாம் தெரிந்த விஷயம். தெரிந்தும் செய்யாததற்குப் பெயர் விதியா?

நாம் கேட்பது

ஒன்று: உயரத்திலும் மூடிய தொட்டியிலும் செய்யும் வேலையை உயிருக்கு ஆபத்தான வேலை என மத்திய சர்க்கார் அறிவிக்க வேண்டும். தலை எண்ணிக்கை பார்க்காமல் சட்டம் செல்லட்டும்.

இரண்டு: கட்டட அனுமதி கேட்டு வருகிறவரிடம் நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும் வரைபடம் கேட்கின்றன, பல கட்டடங்களுக்கு நல நிதியாக நூற்றுக்கு ஒரு ரூபாயை அந்த இடத்திலேயே வாங்கிக்கொள்கின்றன. அதே மேசையில் சாரத்துக்கும் ஒரு தாள் வைக்கட்டும். என்ன சாரம், எத்தனை பலகை, தடுப்புக்கம்பி எங்கே, யார் பொறுப்பு? எழுதிக் கையெழுத்திட்டால்தான் அனுமதி. பணம் வாங்கத் தெரிந்த மேசைக்குப் பாதுகாப்புக் கேட்கவும் தெரிய வேண்டும்.

மூன்று: நல நிதி இன்று பெரும்பாலும் விழுந்த பிறகு பேசுகிறது. ஈமச் செலவுக்கு உதவுகிறது, விதவைக்கு உதவுகிறது. விழுமுன் பேச அதில் ஒரு பங்கு ஒதுக்கட்டும். வட்டத்துக்கு ஒரு சாரக் கிடங்கு வேண்டும்: இரும்புக் குழாய்ச் சாரம், பலகை, வலை, முழு உடல் கச்சை, தொட்டிக்குக் காற்று செலுத்தும் விசிறி, காற்றுச் சோதனைக் கருவி. சிறு மேஸ்திரிக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். பந்தல்காரரிடம் பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கிற ஊரில், உயிரைக் காக்கிற கம்பி கிடைக்கக் கூடாதா?

நான்கு: இது இந்தச் சீமைக்கே உரிய கோரிக்கை. ஆனி ஆடியில் கணவாய்க் காற்றும் சாரலும் ஓங்கும் நேரத்தில், அருவியில் குளிக்கத் தடை போடுவதுபோல், வெளிச்சாரத்தில் ஏறவும் தடை போட வேண்டும். கணவாய்க் காற்றை நம்பி நட்ட காற்றாலைகளின் கோபுரங்களில் ஏறுகிறவர்களுக்கும் இது சேரும். அந்த நாளுக்கு உள்வேலை கொடுக்கட்டும். இல்லையேல் கூலியில் ஒரு பகுதியையேனும் நல வாரியம் தரட்டும். கூலி நின்றுபோகும் என்றால் எந்தத் தடையையும் வயிறு மீறும்.

ஐந்து: ஒவ்வொரு விழுதலையும், இறந்தாலும் பிழைத்தாலும், பதிவு செய்து, எந்த உயரம், என்ன சாரம், ஏன் விழுந்தார் என்று விசாரித்து, மாவட்ட அளவில் வெளியிட வேண்டும். “தவறி” என்ற சொல்லை அந்த அறிக்கையில் எழுதக் கூடாது.

வீடு கட்டும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேஸ்திரியிடம் கூலி பேசும் அன்றே தடுப்புக்கம்பிக்கும் சேர்த்துப் பேசுங்கள். காலையில் சுவருக்குத் தண்ணீர் விட வரும்போது, தலை நிமிர்ந்து ஒருமுறை சாரத்தையும் பாருங்கள்.

பாண்டியன் பணிந்தது யாரை?

தென்காசிக்கு அடையாளம் அதன் கோபுரம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம். நெடுங்காலம் சிதைந்து மொட்டையாய் நின்றது; மறுபடி எழுப்பி 1990இல் குடமுழுக்குக் கண்டார்கள். 2025 ஏப்ரலிலும் திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்தது. கூடியிருந்தவர்கள் கோபுர உச்சியைப் பார்த்துக் கை குவித்தார்கள்.

அந்தக் கோயிலின் கல்வெட்டுப் பாடல் ஒன்றில் பாண்டியன் பேசுகிறான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும், அவர்களை நான் பணிகிறேன் என்கிறான். மண்ணாண்ட மன்னன், இன்னும் பிறக்காத மனிதர்களுக்குத் தலை வணங்குகிறான்!

அவன் வணங்கியது யாரை? பொருள் கொடுத்தவர்களை என்று பொருள் கொடுத்தவர்கள் சொல்லிக்கொள்ளலாம். உத்தரவு போட்டவர்களை என்று அதிகாரிகள் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கோபுரத்தின் குறை காசாலும் காகிதத்தாலும் நேரே தீர்ந்துவிடுவதில்லை. காற்று பிடுங்கும் உயரத்தில், சவுக்குக் கம்பின்மேல் கால் ஊன்றி, கலவைச் சட்டியைக் கையில் வாங்கி, விரிசலில் கரண்டியை வைத்தவன் ஒருவன் இருந்தான். கோபுரத்தின் குறையைக் கையால் தொட்டுத் தீர்த்தவன் அவன். ஆறு நூற்றாண்டுக்கு முன் அரசன் பணிந்தது அவனையும் சேர்த்துத்தான்.

அரசன் தலை வணங்கினான். நம்மிடம் கேட்பது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. இடுப்புயரத்தில் ஒரு கம்பி. அதற்குக் கீழே இன்னொரு கம்பி. காலுக்கடியில் ஓர் அகலப் பலகை.

சாரல் வரும் காலம் ஆண்டுதோறும் வரும். அதற்குமுன் சாரத்தைச் சரிசெய்வோம்.